திருப்பிக் கேட்க எத்தனை தட்டு? ஆங்கிலக் காணொலிக் கருவிகள் பற்றி

ஆங்கிலக் காணொலி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு வாக்கியம் பிடிபடவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மறுபடி கேட்க விரலால் எத்தனை தட்டுத் தட்ட வேண்டியிருக்கிறது? ஒன்றோ இரண்டோ என்றால் அந்தக் கருவி கேட்கும் பயிற்சிக்கு ஆகும். நான்கைந்து என்றால் யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை. படத்தையும் முகத்தையும் பார்த்துக் கதையை ஊகித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஊகிக்கும் சாமர்த்தியம் வளரும், காது இருந்த இடத்திலேயே இருக்கும். யூடியூப், லாங்குவேஜ் ரியாக்டர், பிபிசி லேர்னிங் இங்கிலிஷ், விஓஏ (அமெரிக்க அரசு ஒலிபரப்பு), டெட், யூகிளிஷ் எல்லாவற்றையும் இங்கே முதலில் இந்தக் கணக்கில்தான் எடைபோட்டிருக்கிறது. அடுத்த கணக்கு, எழுத்தை மறைத்து வைக்க முடிகிறதா என்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

டெல்டாவில் இதைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. ஓஇடி அல்லது ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதி வெளிநாட்டு மருத்துவமனைக்குப் போக நினைக்கும் செவிலியர்கள். தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டுப் பொறியியல் வகுப்பில் முதல் பருவம் முழுக்கத் தலையாட்டிக்கொண்டிருக்கும் மாணவர்கள். திருச்சியில் விமானம் ஏறிச் சிங்கப்பூர் போகிறவர்கள். மூவருக்கும் ஒரே காணொலியைப் பரிந்துரைக்கும் பயிற்சி மையத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

கருவிக்கு முன்னால் காதைப் பார்த்துவிடலாம். பன்னிரண்டு வருடம் பள்ளியில் ஆங்கிலம் படித்தவருக்குச் சொல் தெரியாமல் இல்லை. கேட்டது புரியவில்லை என்பார், எழுதிக் காட்டினால் “அட, இதுதானா!” என்பார். சிக்கல் தாளத்தில் இருக்கிறது. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. சொல் வாக்கியத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அந்த அளவு பெரிதாக மாறாது. ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசைதான் தட்டு. இரண்டு தட்டுக்கு நடுவே மூன்று அசை வந்தாலும் ஐந்து வந்தாலும் ஏறத்தாழ அதே இடத்துக்குள் அடைக்கப் பார்ப்பார்கள், ‘தகிட’ சொன்ன இடத்தில் ‘தகதகிட’ சொல்வது போல. அப்படி அடைக்கும்போது நசுங்குவது ‘டு’, ‘ஆஃப்’, ‘அண்ட்’, ‘ஹாவ்’, ‘கேன்’ போன்ற சில்லறைச் சொற்கள். ‘ஷுட் ஹாவ் கால்ட்’ என்று படித்தது ‘ஷுடவ் கால்ட்’ என்று வரும். ‘நெக்ஸ்ட் வீக்’கின் நடுவில் இருந்த ‘ட்’ காணாமல் போகும். ‘ஹாஃப் அன் அவர்’ ஒரே சொல்லாகி ‘ஹாஃபனவர்’ ஆகும். மருந்து அளவு சொல்லும் வாக்கியத்தில் அந்த ‘ஹாஃப்’ அடுத்த சொல்லோடு ஒட்டி மறைந்தால் விளைவு என்ன என்று செவிலியருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்கப் பேச்சில் ‘முடியும்’ (‘கேன்’), ‘முடியாது’ (‘கேன்ட்’) இரண்டையும் பிரித்தறிவதில் நம்மவர்கள் சறுக்குவதற்கும் காரணம் இதுதான். கடைசி ‘ட்’டை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். அது பெரும்பாலும் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். முடியும் என்றால் ‘கன்’ என்று நசுங்கி அடுத்த சொல்லுக்குத் தாவும், முடியாது என்றால் ‘கேன்’ என்று முழுதாக, அழுத்தமாக நிற்கும். அதாவது தெளிவாகக் கேட்டால் ‘முடியாது’ என்று சந்தேகப்பட வேண்டும். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இதே மாதிரி. ‘ஃபிஃப்டீன்’ பின்பாதியில் நீளும், ‘ஃபிஃப்டி’ முன்பாதியில் அழுந்தும்.

இன்னொரு குழி நம் எழுத்திலேயே இருக்கிறது. முதுகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் பையைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பேக்’. ஆங்கிலேயர் காதுக்கு அவற்றின் வேறுபாடு கடைசி மெய்யில் மட்டும் இல்லை, அதற்கு முன்னால் வரும் உயிரின் நீளத்திலும் இருக்கிறது. பை என்ற சொல்லில் உயிர் நீளும், முதுகில் வெட்டென்று நிற்கும். சொல்லின் தொடக்கத்திலோ வேறு வித்தை. வல்லின ‘ப’வோடு (p) ஒரு மூச்சுக் காற்று வெளியே வரும். மெலிந்த ‘ப’வுக்குக் (b) காற்று வராது, ஆகவே அது நம் ‘பல்’, ‘பழம்’ போலவே காதில் விழும். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பவர்களுக்கு இந்த வேறுபாடுகள் கடைசிவரை கேட்காது. (இந்தக் கட்டுரையே அப்படித்தான் எழுதுகிறது என்றால், ஆமாம். இதைப் படித்துப் பயிற்சி செய்ய வேண்டாம், கேட்டுச் செய்யவும்.)

இனி கருவிகள்.

யூடியூப் எல்லோர் கையிலும் இருக்கிறது, செலவில்லை. கைபேசியில் திரையின் இடப்பக்கம் இருமுறை தட்டினால் 10 நொடி பின்னால் போகும். அது அதிகம். 10 நொடிக்குள் இரண்டு மூன்று வாக்கியம் போய்விடும், வேண்டியது எது என்று மறுபடி தேட வேண்டும். செயலியின் அமைப்புகளில் இருமுறை தட்டும் நேரத்தை 5 நொடியாக மாற்றிக்கொள்ளலாம். பலர் இதைச் செய்வதே இல்லை. கணினியில் இடது அம்புக்குறி 5 நொடி, ‘ஜே’ 10 நொடி, ‘கே’ நிறுத்தும், ‘சி’ வசன வரிகளைக் காட்டும், மறைக்கும். விளக்கப் பகுதிக்குள் உள்ள டிரான்ஸ்கிரிப்டை, அதாவது பேச்சின் எழுத்துப்படியைத் திறந்தால் வேண்டிய வரியைத் தட்டி நேரே அங்கே போகலாம். ஆனால் அப்போது எழுத்து முழுவதும் கண்ணெதிரே விரிந்துகிடக்கும். இரண்டாவது கணக்கில் தோல்வி.

வரிகளைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் ‘தானாக உருவாக்கப்பட்டது’ என்று இருந்தால் எச்சரிக்கை. எண், ஊர்ப் பெயர், ஆள் பெயர், மருந்துப் பெயர் இவற்றில் இயந்திரம் தடுமாறும். இந்தியப் பேராசிரியர்களின் உச்சரிப்பில் இன்னும் அதிகம். தான் சரியாகக் கேட்டதை இயந்திரத்தின் தப்பைப் பார்த்து அடித்துத் திருத்திக்கொள்ளும் மாணவரை என்னவென்று சொல்வது! மனிதர் எழுதிய வரிகள் உள்ள காணொலியை மட்டும் பயிற்சிக்கு எடுப்பது உத்தமம். மற்றொரு புதுத் தொல்லை, சில ஆங்கிலக் காணொலிகள் இயந்திரம் பேசும் இந்தி ஒலித்தடத்தோடு தொடங்கும். பல்சக்கரக் குறியைத் தட்டி ஒலித்தடத்தை மூல ஆங்கிலத்துக்கு மாற்றிவிடலாம்.

வேகக் குறைப்பைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. 0.75 வேகம் நோயைக் கண்டுபிடிக்க மட்டும். நசுங்கிப்போன ‘ஹாவ்’ வேகத்தைக் குறைத்தால் திரும்பி வராது, நசுங்கிய ‘அவ்’தான் இழுபட்டுக் கேட்கும். 0.5க்குப் போனால் குரலே கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். மெதுவாக இரண்டு முறை, பிறகு மூல வேகத்தில் குறைந்தது ஐந்து முறை. மெதுவாகவே கேட்டுப் பழகியவருக்கு மெதுவான ஆங்கிலம்தான் புரியும்.

லாங்குவேஜ் ரியாக்டர் கணினியின் குரோம் உலாவியில் சேர்க்கும் நீட்சி. முன்பு நெட்ஃபிளிக்ஸுக்காக மட்டும் வேறு பெயரில் இருந்தது, இப்போது யூடியூபிலும் வேலை செய்யும். நம் முதல் கணக்கில் இதற்கு முழு மதிப்பெண். ‘எஸ்’ தட்டினால் அதே வரி மறுபடி, ‘ஏ’ முந்தைய வரி, ‘டி’ அடுத்த வரி. ‘க்யூ’ தட்டிவிட்டால் ஒவ்வொரு வரி முடிவிலும் தானாக நிற்கும். ஒரே தட்டு, துல்லியமாக ஒரே வரி. சொல்லெழுதிப் பயிற்சிக்கு, அதாவது கேட்டதை அப்படியே எழுதிப் பார்க்கும் டிக்டேஷனுக்கு, இதைவிட வசதியானது இலவசத்தில் இல்லை. சொற்களைச் சேமித்துவைப்பது போன்ற சிலவற்றுக்குத்தான் கட்டணம், அவை இல்லாமலே காரியம் நடக்கும்.

இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்துக்குக் கீழே தமிழையும் காட்டும். யூடியூபில் அந்தத் தமிழ் பெரும்பாலும் இயந்திர மொழிபெயர்ப்பு. அது தப்பாக இருப்பதுகூடப் பெரிதில்லை, கண் முதலில் தமிழுக்குத்தான் ஓடும் என்பதே ஆபத்து. கண் படித்துவிட்டால் காதுக்கு வேலை இல்லை. நிறுவியவுடன் முதல் வேலையாக மொழிபெயர்ப்பு வரியை அணைத்துவிடுங்கள். தானியங்கி வரிகள் உள்ள காணொலியில் வரி எங்கே முறிகிறதோ அங்கே நிற்பதால், வாக்கியம் பாதியில் அறுபடும். நடுவில் அறுந்த வாக்கியத்தில் தாளம் போய்விடுகிறது, பயிற்சியின் பயனும் போய்விடுகிறது. வீட்டில் கணினி இல்லாதவருக்கு இந்த நீட்சி எட்டாக்கனி, அது இன்னொரு குறை.

ஆங்கில வரியை மறைக்க எந்த அமைப்பையும் தேட வேண்டாம். கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை நீளவாக்கில் மடித்துத் திரையின் அடியில் சாய்த்து வைத்தால் போதும். கைபேசிக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளலாம். எழுதி முடித்த பிறகு அட்டையை எடுத்துச் சரிபார்க்கலாம்.

பிபிசி லேர்னிங் இங்கிலிஷில் எதை எடுப்பது என்பதுதான் கேள்வி, ஏனென்றால் குவிந்துகிடக்கிறது. பெயர் பெற்றது ‘சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்’. ஆறு நிமிடம், இரண்டு பேர் பேசுவார்கள், தொடக்கத்தில் மூன்று விடையுள்ள ஒரு கேள்வி, ஆறு சொற்களுக்கு விளக்கம். அந்த இருவரின் பேச்சு எழுதிவைத்து வாசித்தது, தெளிவானது, நடுத்தர நிலையில் இருப்பவருக்கு இரண்டே வாரத்தில் பழகிவிடும். நடுநடுவே பேட்டிகளிலிருந்து வெட்டிச் சேர்க்கும் சிறு துண்டுகள் வரும் பாருங்கள், அவைதான் சரக்கு. அங்கே பேசுபவர் தயங்குவார், விழுங்குவார், வாக்கியத்தைப் பாதியில் மாற்றுவார். அந்தத் துண்டுகளை மட்டும் பத்து முறை கேட்பது முழு நிகழ்ச்சியை மூன்று முறை கேட்பதைவிட மேல். இணையதளத்தில் தரும் எழுத்துப்படி சொல்லுக்குச் சொல் சரியானதல்ல என்று அவர்களே தலைப்பிலேயே குறிப்பு போட்டிருக்கிறார்கள். ஆகவே சொல்லெழுதிக்கு மதிப்பெண் போடும்போது ஒரு சொல் கூடுதலாக எழுதியிருந்தால் உடனே தப்பென்று அடிக்க வேண்டாம். மறுபடி கேட்டுவிட்டு அடியுங்கள்.

அதே இடத்தில் ‘டிம்ஸ் ப்ரனன்சியேஷன் வொர்க்‌ஷாப்’ என்று சிறுசிறு காணொலிகளாக ஒரு தொடர் இருக்கிறது. சொற்கள் எப்படி ஒட்டுகின்றன, எந்த ஒலி எங்கே விழுந்துபோகிறது என்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும். மேலே ‘நெக்ஸ்ட் வீக்’ பற்றிச் சொன்னது போன்ற சங்கதிகளுக்கு இதைவிடச் சுருக்கமான, தெளிவான இடம் அரிது. தொடங்குகிறவர் வேறு எதற்கும் முன்னால் இந்தத் தொடரைத்தான் முடிக்க வேண்டும். பேசுபவரின் வாய் திரையில் தெரிவது கூடுதல் லாபம். மேல்பல் கீழுதட்டில் படும் ‘வ’வும் உதடு குவியும் ‘வ’வும் தமிழில் ஒன்றுதான், கண் பார்த்தால்தான் காது நம்பும். காணொலிக்கு ஒலிநாடாவைவிட உள்ள உண்மையான மேன்மை இந்த ஒன்றே. பின்னணிக் குரலோடு ஓடும் இயற்கைப் படங்களில் அந்த மேன்மை கிடையாது, யானையைப் பார்த்து ஆங்கிலம் வராது.

விஓஏவின் மெதுவான ஆங்கிலம் 1959 அக்டோபர் 19 அன்று வானொலியில் தொடங்கியது. சுமார் 1,500 சொற்களுக்குள், சின்ன வாக்கியங்களாக, வழக்கமான வேகத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைத்துப் பேசும் முறை. இது யூடியூபில் வேகத்தைக் குறைப்பது போன்றதல்ல. மனிதர் சொல்லுக்குச் சொல் பிரித்து வாசிப்பதால் ஒலிகள் விழுங்கப்படுவதில்லை. நல்லதும் அதுதான், கெட்டதும் அதுதான். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறியவருக்கு இரண்டு மாதத்துக்கு இதைப் போல் துணை இல்லை. ‘லெட்ஸ் லேர்ன் இங்கிலிஷ்’ முதல் நிலையில் 52 பாடங்கள், நாடகம் போலச் சின்னச் சின்னக் காட்சிகள். இரண்டு மாதத்துக்கு மேல் இதிலேயே உட்கார்ந்திருந்தால், ‘எனக்கு ஆங்கிலம் புரிகிறது’ என்ற நினைப்பு மட்டும் ஏறும், நிஜ அமெரிக்கர் பேசினால் ஒன்றும் ஏறாது.

டெட் உரைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலும் 18 நிமிடத்துக்குள் முடியும், இணையதளத்தில் எழுத்துப்படியின் வாக்கியத்தைத் தட்டினால் காணொலி அங்கே தாவும், மனிதர் சரிபார்த்த வரிகள். ஆனால் பலமுறை ஒத்திகை பார்த்த மேடைப் பேச்சு. கல்லூரி விரிவுரைக்குத் தயாராக உதவும், இரண்டு பேர் ஒருவரை ஒருவர் இடைமறித்துப் பேசும் உரையாடலுக்கு உதவாது. பொறியியல் மாணவர்களுக்கு என்பிடெல் இன்னும் நேரடிப் பயன். ஐஐடி, ஐஐஎஸ்சி பேராசிரியர்களின் பாடம், தெரிந்த பாடப்பொருள், பழகிய இந்திய உச்சரிப்பு. முதல் பருவத்தில் வகுப்பு புரிய வேண்டும் என்பதுதான் தேவையென்றால் லண்டன் உச்சரிப்போடு மல்லுக்கட்ட அவசியமே இல்லை.

யூகிளிஷ் ஒரு சொல்லையோ தொடரையோ கொடுத்தால் யூடியூப் முழுக்கத் தேடி, அதை யார் யார் எப்படிச் சொல்கிறார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்டும். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று நாடு பிரித்தும் கேட்கலாம். ‘ஷுட் ஹாவ்’ என்று போட்டு இருபது வாய்களில் கேட்டால், பிறகு அந்த ‘ஷுடவ்’ ஜென்மத்துக்கும் தப்பாது. இது தனிப் பயிற்சியல்ல, சொல்லெழுதியில் பிடிபடாமல் போனதைக் கொண்டுபோய்த் தீட்டிக்கொள்ளும் கல்.

சரி, எப்படிச் செய்வது? 60 முதல் 90 நொடி வரையுள்ள ஒரு துண்டு. அதற்கு மேல் வேண்டாம். அட்டையை வைத்து எழுத்தை மறைத்து, முழுத் துண்டையும் இரண்டு முறை நிறுத்தாமல் கேட்டு, யார் யாரிடம் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஒரு வரி எழுத வேண்டும், தமிழில் எழுதினாலும் சரி. பிறகு வரிவரியாக நிறுத்தி, கேட்டதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஒரு வரிக்கு ஐந்து முறைக்கு மேல் திருப்ப வேண்டாம், ஐந்தாவது முறைக்குப் பிறகு காது கேட்பதில்லை, மனம் கற்பனை செய்யத் தொடங்குகிறது. பிடிபடாத இடத்தில் கோடு போட்டுவிட்டு நகரவும். எல்லாம் முடிந்த பிறகே அட்டையை எடுத்துச் சிவப்பு மையில் திருத்தம்.

திருத்துவதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். தப்பைத் திருத்திவிட்டு அடுத்த காணொலிக்குத் தாவிவிடுவார்கள். ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். சொல்லே தெரியாதா, தெரிந்த சொல் நசுங்கி வந்ததா, இரண்டு சொல் ஒட்டியதில் எல்லை தவறியதா? ஒரு வாரத்துத் தாளைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு தெரிந்துவிடும். சொல் தெரியாத தப்பே பாதிக்கு மேல் இருந்தால் காணொலி கடினம், ஒரு படி கீழே இறங்க வேண்டும். நசுங்கல்தான் அதிகம் என்றால் சரியான இடத்தில் இருக்கிறார், அப்படியே தொடரலாம். கடைசியாக அதே துண்டை மூல வேகத்தில் ஓடவிட்டுக் கூடவே அரை நொடி பின்தங்கி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாயால் நசுக்கத் தெரிந்தவருக்குத்தான் காதில் நசுங்கியது பிடிபடும்.

இதற்கெல்லாம் அரை மணி நேரம் ஆகும். தினம் அரை மணி என்பது முறை வைத்துத் தண்ணீர் விடுவது மாதிரி, கடைமடை வரை ஊறும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் மொத்தமாகத் திறந்துவிட்டால் வரப்பைத் தாண்டி ஓடிவிடும்.

டேட்டா பெரிய பிரச்சினை இல்லை. 360பி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 300 எம்பி போகும், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி திட்டத்தில் தாராளமாக அடங்கும். ஒரே துண்டைத் திருப்பித் திருப்பிக் கேட்பதற்குப் பெரும்பாலும் புதிதாக டேட்டா செலவாகாது. சத்தம்தான் பிரச்சினை. ‘ஸ’, ‘ஃப’, நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லும் ‘த’ இவையெல்லாம் உச்சமான, மெல்லிய ஒலிகள். மின்விசிறி ஓடும் அறையில் கைபேசியின் ஒலிபெருக்கியில் முதலில் காணாமல் போவது இவைதான், பன்மையும் அவற்றோடு போகும். ஐப்பசி அடைமழையில் தகர ஓட்டின் கீழே, ஆடி மாதக் கோயில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், ஓடும் பேருந்தில் சொல்லெழுதி வேண்டாம். அந்த நேரத்துக்கு ஏற்கெனவே திருத்தி முடித்த பழைய துண்டைக் கேட்கலாம். காதை அடைத்து நிற்கும் ரப்பர் முனையுள்ள சாதாரண கம்பி இயர்போன் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை.

காசு கட்டி வாங்கச் சொல்லும் ‘30 நாளில் ஆங்கிலம்’ வகைப் பென்டிரைவ், வாட்ஸ்அப் வகுப்புகளுக்கு ஒரே சோதனை. மாதிரிக் காணொலியை ஓடவிட்டு, அதில் ஆங்கிலம் எத்தனை நிமிடம், தமிழ் விளக்கம் எத்தனை நிமிடம் என்று கைக்கடிகாரம் வைத்து எண்ணுங்கள். பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் தமிழென்றால் அது இலக்கண வகுப்பு. கெட்டதென்று இல்லை, கேட்கும் பயிற்சிக்கான காசு அதற்குக் கொடுக்க வேண்டாம்.

சிங்கப்பூர் போகிறவருக்கு சிஎன்ஏ அலைவரிசையின் செய்தியும் தெருப்பேட்டியும் யூடியூபில் கிடைக்கும். அந்த ஊர்ப் பேச்சில் அசைகள் அவ்வளவாக நசுங்குவதில்லை, தமிழ்க் காதுக்குச் சீக்கிரம் பழகும். செய்தி வாசிப்பை விட்டுவிட்டுப் பேட்டிப் பகுதிகளை எடுப்பது நல்லது, வேலைத்தளத்தில் கேட்கப்போவது அந்தப் பேச்சைத்தான்.

தேர்வு எழுதுகிற செவிலியருக்குக் கடைசியாக ஒன்று. ஐஇஎல்டிஎஸ் கேட்டல் 4 பகுதி, 40 கேள்வி. ஓஇடி 3 பகுதி, 42 கேள்வி, அதில் முதல் 24 நோயாளியும் மருத்துவப் பணியாளரும் பேசும் இரண்டு உரையாடல்களைக் கேட்டுக் குறிப்பு நிரப்புவது. இரண்டிலும் ஒருமுறைதான் ஒலிக்கும், படமே கிடையாது. ஓஇடி ஆஸ்திரேலியாவில் உருவான தேர்வு, ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் குரல்கள் வரும், அமெரிக்க வலைத்தொடர்களைப் பார்த்துத் தயாராகிறவர் அங்கே திகைத்துப்போவார். ஆகவே தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போதே பாதிப் பயிற்சியைக் கைபேசியைக் கவிழ்த்துவைத்துச் செய்ய வேண்டும். கடைசி இரண்டு வாரம் காணொலியே வேண்டாம். இரு தேர்வுகளின் இணையதளங்களிலும் இலவச மாதிரித்தாள் இருக்கிறது, ஒருமுறை மட்டும் ஓடவிட்டு, நிறுத்தாமல், தாளில் எழுதிப் பழகவும். திருப்பிக் கேட்கும் தட்டு அந்த இரண்டு வாரத்துக்குக் கிடையாது.